டைம் கீப்பரின் இரண்டு நாய்கள்

தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்று பெயர். முப்பத்தேழு வருடம் ஊரின் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவர். குடியிருந்தது மட்டும் லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில். முப்பத்தெட்டுப் படி.

“ஊரையெல்லாம் தூக்கிவிடுற மனுஷன், கட்டினவளை மட்டும் படியேற விட்டுட்டாரு” என்று அவர் மனைவி காய்கறிப் பையோடு மூச்சிரைக்க ஏறி வரும்போதெல்லாம் சொல்வாள்.

மனைவியை எல்லோரும் டைம் கீப்பர் என்றார்கள். அது பட்டப்பெயர் இல்லை, உத்தியோகம். பஸ் டிப்போவில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று விசில் ஊதி அனுப்புகிற வேலை. இருபத்தொன்பது வருடம். ஓய்வு பெற்ற பிறகும் பெயர் போகவில்லை, பழக்கமும் போகவில்லை. கணவர் குளியலறையில் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தால், “ஆறாம் நம்பர் இன்னும் கிளம்பலையா?” என்று வெளியிலிருந்து குரல் வரும்.

டிப்போவிலிருந்து அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு விசிலும் இரண்டு நாய்களும்.

மூத்தவன் மேனேஜர். டிப்போவிலேயே பிறந்தவன். நாள் முழுக்க நிழலில் படுத்திருந்துவிட்டு, பெரிய அதிகாரி யாராவது வந்தால் மட்டும் எழுந்து நாலு அடி நடந்து காட்டுவான். பெயர் அப்படி வந்தது. அவள் ஓய்வு பெற்ற அன்று பின்னாலேயே நடந்து வந்து, முப்பத்தெட்டுப் படியும் ஏறி, கதவோரம் படுத்துவிட்டான். இளையவள் பார்சல். ஒரு பஸ்ஸின் பின் சீட்டில் அட்டைப்பெட்டியில் கிடந்த குட்டி. தொலைந்த பொருள்கள் அறையில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். குடையைத் தேடி வந்தார்கள், மூக்குக்கண்ணாடியைத் தேடி வந்தார்கள், இவளைத் தேடி யாரும் வரவில்லை. பழைய டைம் கீப்பருக்கு போன் போனது. அவள் போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் ஆறேகாலுக்கு லிஃப்ட்காரர் வேலை முடிந்து வந்து டீ டம்ளரோடு பால்கனியில் நிற்பார். ஐந்து நிமிடத்தில் அவள் தெருமுனையில் திரும்புவாள். இடது கையில் இரண்டு கயிறு. இந்தப் பக்கம் மேனேஜர், அந்தப் பக்கம் பார்சல். இழுப்பு இல்லை, உறுமல் இல்லை. வலது கையை மட்டும் தூக்கி, வண்டியை வழியனுப்புகிற மாதிரி அவரைப் பார்த்து ஓர் அசைப்பு.

“எப்படி இதுங்களைச் சமாளிக்கிறே?” என்று ஒருநாள் கேட்டார்.

“அறுபது டிரைவரைச் சமாளிச்சவளுக்கு ரெண்டு நாய் ஒரு விஷயமா?”

அத்தோடு விட்டுவிட்டார். விட்டது தவறு.

அவர் ஓய்வு பெற ஐந்து வாரம் இருக்கும்போது, ஒரு காலையில், போட்ட டீ ஆறுவதற்குள் அவள் இல்லாமல் போனாள். இதயம் என்றார்கள்.

ஐந்து வாரமும் நாய்கள் மொட்டை மாடியில்தான் உலாவின. வேலைக்கு விடை கொடுத்த மறுநாள் லிஃப்ட்காரர் இரண்டு கயிற்றையும் இடது கையில் பிடித்துக்கொண்டு, அவளைப் போலவே கிளம்பினார். படியிலேயே ஆரம்பித்தது. பார்சல் மேனேஜரைத் தாண்டப் பார்த்தாள். மேனேஜர் பல்லைக் காட்டினான். கேட்டைத் தாண்டியதும் பார்சல் குதித்து அவன் கழுத்துத் தோலைக் கவ்வி உலுக்கினாள். விளையாட்டா, சண்டையா என்று அவருக்குப் புரியவில்லை. மேனேஜருக்கும் புரியவில்லை போலிருக்கிறது; அவன் திருப்பிக் கடித்தான். இரண்டு கயிறும் லிஃப்ட்காரரின் காலைச் சுற்றிக்கொண்டன. எதிர்வீட்டுக்காரர் வந்து அவிழ்த்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்குள் இரண்டும் பரம சாது. அவளுடைய பழைய டிப்போ ஸ்வெட்டர்மேல் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்துக்கொண்டு, ஒரே சுருதியில் குறட்டை விட்டன. வெளியில் போனால்தான் இந்தக் கூத்து.

மோசமானது பேக்கரி முனை. பேக்கரிக்குப் பக்கத்து வீட்டுக் கம்பிக் கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்பு நாய் உண்டு. தெருவில் எதைப் பார்த்தாலும் அதற்குப் பிடிக்காது. அதன் குரல் கேட்டதும் பார்சல் கொதிப்பாள். கறுப்பனை எட்ட முடியாது. எட்டுகிற தூரத்தில் இருப்பது மேனேஜர். அவனைப் பிடித்துக் குதறுவாள்.

ஒரு வாரம் இப்படிப் போனது. எட்டாம் நாள் லிஃப்ட்காரருக்கு யோசனை வந்தது.

லிஃப்ட் எப்படி ஓடுகிறது? பெட்டி ஒரு பக்கம், மறுபக்கம் இரும்புப் பாளங்கள், நடுவில் கப்பி. இது ஏறினால் அது இறங்கும். ஒன்றை ஒன்று சமன் செய்துகொள்ளும். மோட்டாருக்குப் பாதி வேலை மிச்சம். இரண்டு நாய் இழுக்கிறதென்றால் இரண்டு விசை இருக்கிறது; இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டால் மிச்சம் பூஜ்யம். இத்தனை நாள் தோன்றவில்லையே என்று தலையில் தட்டிக்கொண்டார். பழைய கருவிப் பெட்டியைத் திறந்தார். உள்ளங்கை அகலக் கப்பி ஒன்று இருந்தது. அதற்கு எண்ணெய் விட்டு, தன் இடுப்புப் பெல்ட்டில் மாட்டி, ஒரே கயிற்றை அதன் வழியாக விட்டு, ஒரு முனையை மேனேஜருக்கும் மறுமுனையை பார்சலுக்கும் கட்டினார்.

கூடத்தில் சோதனை ஓட்டம் பிரமாதம். நாய்கள் தூக்கக் கலக்கத்தில் இருந்தன.

பேக்கரி முனையில் கறுப்பன் ஒரே ஒரு தடவை குரைத்தான். பார்சல் முன்னால் பாய்ந்தாள். கப்பி எண்ணெயில் வழுக்கிக்கொண்டு ஓடியது. வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பின்னால் ஒரு விளக்குக் கம்பத்தை முகர்ந்துகொண்டிருந்த மேனேஜர், லிஃப்ட் பெட்டி போலச் சறுக்கி வந்து பார்சலின் பின்காலில் மோதினான். பார்சல் திரும்பினாள். அடுத்த நிமிடம் மேனேஜரின் காது கிழிந்திருந்தது, லிஃப்ட்காரர் முழங்கை சிராய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார், கப்பி மட்டும் அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“எப்படி ஆச்சு?” என்று நாய் டாக்டர் மூன்றாவது தையலைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“வெயிட் சமன் ஆகல டாக்டர்.”

“என்னது?”

“ஒண்ணுமில்ல. சண்டை.”

“பெரியவனுக்கு வயசு ஒன்பது. இடுப்பு வேற சரியில்ல. இன்னொரு தடவை இப்படி நடந்தா தாங்க மாட்டான். ரெண்டையும் பிரிச்சு வைக்கிற வழியைப் பாருங்க.”

கப்பியைக் கருவிப் பெட்டியின் அடித்தட்டில், துணிக்குக் கீழே வைத்துப் பூட்டினார். அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

வெளியூரில் இருக்கும் மகளிடம் சண்டையை மறைக்க முடியவில்லை. வீடியோ அழைப்பில் மேனேஜரின் காதுக் கட்டு தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நாலு மணி நேரம் காரோட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவள் இன்ஜினியர். பாலங்களில் விரிசல் அளப்பது வேலை. பேச்சிலும் அளவுதான்.

“எத்தனை சண்டை?”

“அது இருக்கும்மா, ஒரு…”

“எத்தனைப்பா?”

“பெரிசு மூணு. சின்னது எண்ணல.”

“உங்க முழங்கை?”

“படியில இடிச்சுக்கிட்டேன்.”

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு ஸ்வெட்டர்மேல் முதுகோடு முதுகாகக் கிடந்த இரண்டையும் பார்த்தாள். அந்த ஸ்வெட்டரைப் பார்த்ததும் சட்டென்று சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது குரல் சரியாகத்தான் இருந்தது.

“அப்பா. என் வீட்டுல தோட்டம் இருக்கு. பார்சலை நான் வச்சுக்கிறேன்.”

“உங்கம்மா ரெண்டையும் ஒரே கையில பிடிச்சுட்டு வருவாம்மா. நான் கண்ணால பாத்திருக்கேன்.”

“அம்மா வருவாங்க. உங்களால முடியல. விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டா நாலு மணி நேரம் ஓட்டி வரணும் நான்.”

“ரெண்டு வாரம் டைம் குடு.”

“ரெண்டு வாரத்துல என்ன மாறும்?”

லிஃப்ட்காரர் ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் மகள் காலண்டரில் ஒரு ஞாயிறைச் சுழித்தாள். “அன்னிக்கு ரெண்டும் சண்டை இல்லாம நடந்து வர்றதை நான் பாக்கணும். இல்லன்னா பார்சல் பின் சீட்டுல. வாதம் கிடையாது.”

பின் சீட்டு என்றதும் லிஃப்ட்காரர் பார்சலைப் பார்த்தார். பின் சீட்டில் கிடந்துதானே அவள் இந்த வீட்டுக்கே வந்தாள்.

தையல் பிரிக்கும்வரை மேனேஜரைத் தனியாக, மெதுவாக நடத்தச் சொல்லியிருந்தார் டாக்டர். பார்சலை வீட்டில் விட்டுவிட்டு, திங்கள் சாயங்காலம் மேனேஜரை மட்டும் கீழே இறக்கினார். எந்தப் பக்கம் போவது என்று யோசிக்கவில்லை. கயிற்றைத் தளரவிட்டு அவன் போகிற பக்கம் போனார். மேனேஜர் பெரிய தெருவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் திரும்பினான். லிஃப்ட்காரர் அந்தச் சந்துக்குள் வந்து வருடக் கணக்காகியிருந்தது. ஒரு சைக்கிள் கடை, ஒரு பூட்டிய கிடங்கு, கடைசியில் தகரக் கூரை போட்ட ஓர் இஸ்திரிக் கடை. மேனேஜர் நேராகக் கடைக்குள் போனான். மேசைக்கு அடியில் குனிந்து நுழைந்தான். பெருமூச்சு விட்டுப் படுத்தான்.

மேசையில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிரவே இல்லை. காலாலேயே ஒரு சாக்கை அவன் பக்கம் தள்ளினார்.

“வாங்க மேனேஜர் சார். ரெண்டு மாசம் லீவு முடிஞ்சுதா?”

பிறகுதான் கயிற்றின் மறுமுனையில் இருந்தவரைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தார்.

“அண்ணே!”

“இவன் எப்படிம்மா உங்க கடைக்கு…”

“எப்படின்னா? தினம் வர்றவர்தானே. அக்கா போனதுக்கப்புறம் துணியும் வரல, நாயும் வரல. யாருக்கோ குடுத்துட்டீங்கன்னு நினைச்சேன். கேக்க மனசு வரல.” பார்வை அவர் சட்டைக்கு இறங்கியது. “துணி வராததுதான் தெரியுதே.”

லிஃப்ட்காரர் கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “என் பொண்டாட்டி இங்க எதுக்கு வருவா? அவ ரெண்டையும் கூட்டிட்டுச் சுத்திட்டு வருவா.”

“ரெண்டையுமா? ஒண்ணாவா?” இஸ்திரிக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அண்ணே, இதுங்க ரெண்டையும் ஒண்ணா வீட்டுலேருந்து கூட்டிட்டு வர யாரால முடியும்? உங்ககிட்ட அக்கா சொல்லவே இல்லையா?”

“என்ன சொல்லணும்?”

“அங்க பாருங்க.”

சுவரில், கொக்கியில் தொங்கும் பாவாடைகளுக்கும் சட்டைகளுக்கும் பின்னால், பழைய காலண்டர் தாள் ஒன்று பின்பக்கம் திருப்பி ஆணியில் மாட்டப்பட்டிருந்தது. இஸ்திரிக்காரம்மா துணிகளை ஒதுக்கினார். அடிக்கோல் வைத்துப் போட்ட கட்டங்கள். பென்சில் எழுத்து. அந்த எழுத்தை அவருக்கு நாற்பது வருடமாகத் தெரியும்.

*பார்சல்: புறப்பாடு 4.45. பள்ளி மைதானம், ஓட்டம். கடை வருகை 5.15. தண்ணீர், ஓய்வு.*

*மேனேஜர்: புறப்பாடு 5.25. சந்து வழி, நிதானம். கடை வருகை 5.50.*

*இரண்டும் மேசையடியில் 15 நிமிடம்.*

*சேர்ந்து: புறப்பாடு 6.05. நடுவில் நான். வீடு 6.20.*

லிஃப்ட்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவது தடவை படித்தார்.

“ஆறு இருபது” என்றார். “அப்பத்தான் நான் பால்கனியில நிப்பேன்.”

“ஆமா. அக்கா இங்கேருந்து கிளம்பும்போது முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு, ‘போய் ஷோ காட்டிட்டு வரேன்’னு சொல்லிட்டுத்தான் போவாங்க.”

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூன்று வருடம்! அத்தனை சாயங்காலமும் அவர் பார்த்தது ஆட்டத்தின் கடைசி இருநூறு அடியை மட்டும். ஓடிக் களைத்த ஒரு நாயும், நடந்து களைத்த ஒரு நாயும், கால்மணி நேரம் இஸ்திரிச் சூட்டில் ஒன்றாகப் படுத்து எழுந்து, சண்டை போடத் தெம்பில்லாமல் வீட்டுக்கு வந்த காட்சி.

“ஒரே ரூட்ல ரெண்டு வண்டியை ஒண்ணா விட்டா பந்தயம்தான் நடக்கும், இடைவெளி விடணும்னு அக்கா சொல்வாங்க” என்றார் இஸ்திரிக்காரம்மா. “ஆரம்பத்துல சேர்ந்து போனது உங்க கேட்டுக்கு முன்னாடி கடைசிப் பன்னிரண்டு அடிதான். நான் பார்சலை அதுவரைக்கும் கொண்டாந்து விடுவேன். அப்புறம் தபால் பெட்டி வரைக்கும் ஆச்சு. அப்புறம் இந்தக் கடை. மாசக் கணக்கா நீட்டுனாங்க.”

தாளின் ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி. அதில் எழுத்து பொடிப்பொடியாக இருந்தது.

*பார்சல் வால் கொடிக்கம்பம் ஆனால் நிற்கவும். இழுக்கக் கூடாது. கயிறு இறுகினால் கோபம் ஏறுகிறது. வால் இறங்கிய பின் நகரவும்.*

*கறுப்பன் மேல் உள்ள ஆத்திரத்தை மேனேஜர் மேல் காட்டுகிறாள். இன்ஸ்பெக்டரிடம் திட்டு வாங்கிய டிரைவர் கண்டக்டரைத் திட்டுவது போல. எதிர்ப் பக்க நடைபாதையில் போகவும்.*

*மேனேஜருக்கு இடுப்பு வலி உள்ள நாளில் சேர்ந்து இல்லை. வலி இருந்தால் அவனே முதலில் உறுமுகிறான்.*

*படியில் மேனேஜர் முதலில். பார்சல் கீழே உட்கார வேண்டும்.*

கடைசிக்கு முந்தின வரியில் கண் நின்றது.

*அடுத்து: பேக்கரி முனை. லிஃப்ட்காரர் ரிட்டயர் ஆவதற்குள் முடிக்க வேண்டும். நாலு பேரும் சேர்ந்து போகலாம்.*

அதை அவர் சத்தம் போட்டுப் படிக்கவில்லை. இஸ்திரிக்காரம்மா தேய்த்த சட்டையையே இன்னொரு தடவை தேய்த்தார். சற்று நேரம் கழித்துத்தான் கடைசி வரிக்கு வந்தார். படித்ததும் காதுவரை சிவந்து, பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். அந்த வரியை மட்டும் ஒரு சட்டையால் மறைத்து மாட்டினார்.

மறுநாள் கசங்கிய சட்டைகள் ஒரு மூட்டையாக இஸ்திரிக் கடைக்கு வந்தன. டைம் டேபிளும் அமலுக்கு வந்தது.

4.45-க்கு பார்சலோடு மைதானம். அவரால் ஓட முடியாது. லிஃப்ட் குழியின் அடியில் வைக்கிற பழைய ரப்பர் கட்டை ஒன்றை எறிவார். அவள் ஓடி எடுத்து வருவாள். நாற்பது தடவை. தோள்பட்டை விட்டுப்போகும். தையல் பிரிக்கும்வரை சேர்ந்து நடப்பது கிடையாது; மேசையடியில் பக்கத்துப் பக்கத்தில் படுப்பதோடு சரி. புதனன்று தையல் பிரித்ததும் கேட்டுக்கு முன் பன்னிரண்டு அடி. இஸ்திரிக்காரம்மா ஒரு கயிறு, அவர் ஒரு கயிறு.

“அண்ணே, கையை ஏன் இப்படி விறைச்சுக்கிட்டு? நாயா பிடிக்கிறீங்க, மின்சாரக் கம்பியா?”

“பழக்கம்மா.”

“தளரவிடுங்க. கயிறு வயித்தைக் காட்டித் தொங்கணும்னு அக்கா சொல்வாங்க.”

தொங்கவிட்டார். பன்னிரண்டு அடியும் சத்தமில்லாமல் முடிந்தது. மறுநாளே தபால் பெட்டி.

அங்கேதான் அவருக்குத் தலைக்கனம் ஏறியது. வெள்ளிக்கிழமை மழை தூறியது. மைதானத்தில் பத்து எறியோடு நிறுத்திக்கொண்டார். மேசையடி ஓய்வையும் ஐந்து நிமிடமாகச் சுருக்கினார். “ஒருநாள்தானே” என்றார். தபால் பெட்டி தாண்டி ஒரு சைக்கிள் மணி அடித்தது. பார்சலின் வால் கம்பமாக நின்றது. அவர் பதறிப்போய்க் கயிற்றைச் சுண்டி இழுத்தார். அவ்வளவுதான். கழுத்தைக் கவ்வப் பாய்ந்தாள், மேனேஜர் அலறினான். நல்லவேளை, ஆளுக்கொரு கயிறு. பல் படுவதற்குள் பிரித்துவிட்டார்கள்.

கடைக்குத் திரும்பியதும் இஸ்திரிக்காரம்மா பிடித்துக்கொண்டார்.

“முப்பத்தேழு வருஷத்துல லிஃப்டுக்குப் பாதி எண்ணெய் விட்டுட்டு, ஒருநாள்தானேன்னு போயிருக்கீங்களா?”

“…இல்ல.”

“அப்புறம் நாய்னா மட்டும் என்ன இளப்பம்? எழுதுங்க.”

“என்னத்தை?”

“அக்கா தப்புப் பண்ணா எழுதுவாங்க. எழுதுங்க.” பென்சிலை நீட்டினார்.

மனைவியின் எழுத்துக்குக் கீழே இடம் இருந்தது. அவருடைய எழுத்து பெரிது, கட்டத்துக்குள் அடங்கவில்லை. *மழையைச் சாக்கிட்டு ஓட்டம் குறைத்தேன். ஓய்வு குறைத்தேன். கயிற்றை இழுத்தேன். மூன்றும் என் தப்பு.* எழுதி முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தார். கூண்டுக்குள் இருந்து விசில் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நிமிடம் பிசகவில்லை. திங்களன்று மறுபடி பன்னிரண்டு அடியிலிருந்து ஆரம்பித்தார். புதன், தபால் பெட்டி. வெள்ளி, கடையிலிருந்து வீடு. சனிக்கிழமை முதல் தடவையாக இஸ்திரிக்காரம்மா தன் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கடை வாசலிலேயே நின்றுகொண்டார். “நீங்களே போங்கண்ணே” என்றார். அவர் போனார். கடையிலிருந்து வீடுவரை முழுக் கால்மணி நேரம். யாருமே பார்க்கவில்லை. பார்சல் ஒரு தடவை வாலைத் தூக்கினாள். நின்றார். மேனேஜர் கொட்டாவி விட்டான். வால் இறங்கியது. நடந்தார்.

ஞாயிறு சாயங்காலம் மகள் பால்கனியில் டீயோடு நின்றாள். மகளுடைய கார் கீழே நின்றது. பின் சீட்டில் ஒரு பழைய போர்வை விரித்திருந்தது. மணி ஆறு இருபது.

தெருமுனையில் அவர் திரும்பினார். இஸ்திரி போட்ட சட்டை. இடது கையில் இரண்டு கயிறு, இரண்டும் தொய்ந்து தொங்கின. இந்தப் பக்கம் மேனேஜர், அந்தப் பக்கம் பார்சல். கேட்டருகே வந்ததும் வலது கையைத் தூக்கி ஓர் அசைப்பு அசைத்தார்.

மகள் டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். பிறகு முப்பத்தெட்டுப் படியும் தடதடவென்று இறங்கி வந்தாள்.

“எப்படி?”

“அறுபது லிஃப்டைச் சமாளிச்சவனுக்கு…”

“அப்பா. எப்படி?”

அப்படியே மழுப்பிவிடலாமா என்று ஒரு கணம் ஆசைப்பட்டார். டைம் கீப்பர் மூன்று வருடம் ஏமாற்றினாளே, தான் ஒருநாளாவது ஏமாற்றினால் என்ன? ஆனால் மகள் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

“வா. ஒரு இடத்துக்குப் போலாம். நீ இந்தக் கயிறைப் பிடி. இழுக்காதே. வயித்தைக் காட்டித் தொங்கணும்.”

இஸ்திரிக் கடையில் மகள் தாளின் முன் நின்று படித்தாள். விரிசலை அளக்கிற கண். ஓர் எழுத்து விடாமல் படித்தாள். ‘நாலு பேரும் சேர்ந்து போகலாம்’ வரும்போது விரலை அந்த வரியின்மேல் வைத்தாள். எடுக்கவில்லை. மேசையடியில் இரண்டு நாய்களும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

“இதை நான் எடுத்துக்கட்டுமா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“முடியாது கண்ணு” என்றார் இஸ்திரிக்காரம்மா. “நாளைக்கு 4.45-க்கு வேணும்.”

மகள் தலையாட்டினாள். அப்போதுதான் அடியில் தொங்கிய சட்டை கண்ணில் பட்டது. வேண்டுமென்றே மாட்டின சட்டை என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது. லிஃப்ட்காரர் கை நீட்டுவதற்குள் ஒதுக்கிவிட்டாள். கடைசி வரியைச் சத்தமாகப் படித்தாள்.

*“வீட்டில் சொல்ல வேண்டாம். தெரிந்தால் அவர் ஏதாவது கருவி செய்வார்.”*

இஸ்திரிக்காரம்மா பெட்டியை நிறுத்தி வைத்தார்.

“அப்பா.”

“ம்.”

“கருவி ஏதாவது செஞ்சீங்களா?”

லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். மேனேஜரின் காதில் மூன்று தையல் தடம் இருந்தது.

“சின்னதா ஒண்ணு.”

“எவ்வளவு சின்னது?”

“கப்பி. ரெண்டரை அங்குலம்.”

மகள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்தாள், மறுபடி அந்த வரியைப் பார்த்தாள், மறுபடி சிரித்தாள். இஸ்திரிக்காரம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. அவருக்கு அசடு வழிந்தது. கடைசியில் அவரும் சிரித்தார். சத்தம் கேட்டு பார்சல் மேசையடியிலிருந்து தலையை நீட்டி, மேனேஜரின் முதுகில் தாடையை வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது மகள் சந்து வழியாக வராமல் பெரிய தெருவுக்குத் திரும்பினாள்.

“அந்தப் பக்கம் பேக்கரிம்மா. அது இன்னும் ஆரம்பிக்கல.”

“எதிர்ப் பக்க நடைபாதை. நடுவுல நாம ரெண்டு பேர். ஆளுக்கொரு கயிறு. எழுதியிருக்காங்கல்ல?”

கறுப்பன் எதிர்பார்த்தபடியே குரைத்தான். பார்சலின் வால் எழுந்தது. இருவரும் நின்றார்கள். கயிறு தொங்கியது. மகள் வாய்க்குள் எண்ணினாள். பதினொன்றில் வால் இறங்கியது. மேனேஜர் அதற்குள் கம்பத்துக்கு மரியாதை செய்துவிட்டு, ‘போகலாமா’ என்பது போலப் பார்த்தான்.

“பதினொரு செகண்டு” என்றாள் மகள். “நாளைக்கு எழுதிடுங்க.”

ஏழரை மணிக்குக் கிளம்பினாள். பின் சீட்டுப் போர்வையை மடித்து ஓரமாக வைத்தாள். கதவைச் சாத்தப் போனவள் நின்றாள். மறுபடி மாடியேறினாள். கருவிப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். அடித்தட்டுத் துணியை விலக்கி, கப்பியைக் கையில் எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். நன்றாகச் சுற்றியது.

“நல்ல கப்பிம்மா அது” என்றார் லிஃப்ட்காரர்.

“தெரியுது.”

அதைக் கொண்டுபோய்ப் பின் சீட்டில், போர்வைக்கு மேலே வைத்தாள். கார் கிளம்பியது. லிஃப்ட்காரர் பால்கனியிலிருந்து, பஸ்ஸை வழியனுப்புகிற மாதிரி கையை அசைத்தார். காலுக்கு இந்தப் பக்கம் மேனேஜர், அந்தப் பக்கம் பார்சல். ஸ்வெட்டரை யாரோ பால்கனிவரை இழுத்து வந்திருந்தார்கள்.